ஓட்டலில் அம்மா ஊட்டிய ஒரு வாய்

மூணாறு பஜாரில் நான் வேலை பார்க்கும் கடையில் ஏலக்காய், தேயிலைத் தூள், யூகலிப்டஸ் தைலம், சாக்லேட் எல்லாம் விற்கிறோம். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் எதையாவது வாங்குகிறார்களோ இல்லையோ, ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்டுவிடுவார்கள். இங்கே நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும்? நானும் கடை வாசலுக்கு வந்து கையை நீட்டி, ரோடு திரும்பும் வளைவில் தெரியும் அந்தக் கண்ணாடி ஓட்டலைக் காட்டுவேன். நேராப் போங்க, டவுனிலேயே பெரிய ஓட்டல், மேலே ரெஸ்டாரன்ட் இருக்கு, ஜன்னல் பக்கம் உட்காருங்க, மலை தெரியும் என்பேன். நான் அதற்குள் காலடி வைத்ததே இல்லை. ஆனாலும் அங்கேயே பிறந்து வளர்ந்தவள் மாதிரிச் சொல்வேன்.

இப்போது யாருக்கும் காட்டுவதில்லை. கேட்டால், தெரியாது என்று சொல்லிவிட்டு ஏலக்காயை நிறுக்கப் போய்விடுகிறேன். முதலாளிக்கு இதில் வருத்தம்தான். வாடிக்கையாளரிடம் முகத்தைக் காட்டாதே என்கிறார். காட்டுவேன். என் முகம், நான் காட்டுவேன்.

அந்த ஓட்டலில் ஒரு பெண் பரிமாறுகிறாள். எங்கள் எஸ்டேட் லயத்தில் அவர்கள் குடியிருந்த வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள்; இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். அவள் அம்மாவும் என் அம்மாவும் ஒரே கூட்டமாகத் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போனவர்கள். அவள் அம்மாவுக்கு முதுகுத்தண்டில் கோளாறு, சில நாள் எழுந்திருக்கவே முடியாது. அப்பா என்று ஒருவர் இருந்தார், போய்விட்டார், அந்தப் பேச்சு இங்கே வேண்டாம். ஆகவே அந்தப் பிள்ளை நடக்கப் பழகியதும், பள்ளிக்கூடம் போனதும், காய்ச்சலில் படுத்ததும் பாதிக்குமேல் எங்கள் வீட்டில்தான். என் அம்மாவை அவள் பெரியம்மா என்பாள். என்னை அக்கா.

எங்கள் எஸ்டேட் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மலையில் மதியச் சங்கு ஊதியதும் கொழுந்துச் சாக்கை இறக்கிவைத்துவிட்டு வட்டமாக உட்காருவார்கள். சோற்றுத் தூக்கைத் திறந்ததும் எவளும் முதல் வாயைத் தன் வாயில் வைக்கமாட்டாள். பக்கத்தில் இருப்பவளுக்கு ஓர் உருண்டை ஊட்டிவிட்ட பிறகுதான் தன் சாப்பாடு. அன்றைக்குத் தூக்கு கொண்டுவராதவள் யார் என்று வாய்விட்டுக் கேட்டால் அவளுக்குக் கூச்சமாக இருக்கும் அல்லவா? அதனால் எல்லாரும் எல்லாருக்கும் ஊட்டிக்கொள்வார்கள். இல்லாதவள் யாரென்றே தெரியாமல் அவள் வயிறும் நிறைந்துவிடும். என் அம்மா ரிட்டயர் ஆகிக் கொழுந்துக்குப் போவது நின்றுபோனாலும் இந்தப் பழக்கம் மட்டும் நிற்கவில்லை. அவள் சாப்பிடும்போது யாராவது பக்கத்தில் நின்றால் தொலைந்தார்கள். கரண்ட் பில் எடுக்க வந்தவருக்கே ஒருமுறை ஊட்டப் போய், அந்த மனிதர் வேர்த்து விறுவிறுத்து ஓடினார்.

எஸ்டேட்டில் வீடு என்பது வேலையோடு ஒட்டிக்கொண்டு வருவது. வேலை போனால் வீடும் போய்விடும். என் அம்மா ரிட்டயர் ஆன பிறகும் எங்கள் வீடு எங்களிடம் இருக்கிறதென்றால், அண்ணி இன்னும் கொழுந்துக்குப் போகிறாள், அதனால்தான். அந்தப் பிள்ளையின் வீட்டில் அப்படி ஆள் கிடையாது. அவள் அம்மாவுக்கு அந்த வருடக் கடைசியோடு வேலை முடிய இருந்தது. அதற்குப் பிறகு சாமான் செட்டைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? ஓட்டலில் அவளை நிரந்தரம் ஆக்கினால் ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில் ஓர் அறை தருவார்கள், அம்மாவையும் வைத்துக்கொள்ளலாம். இதற்காகத்தான் அடிமாலிக்குப் போய் ஓட்டல் படிப்புப் படித்தாள். தட்டை எந்தப் பக்கமிருந்து வைக்க வேண்டும், எந்தப் பக்கமிருந்து எடுக்க வேண்டும் என்பதையெல்லாம் எங்கள் வீட்டு அலுமினியத் தட்டை வைத்துப் பழகினாள். வேலைக்குச் சேர்ந்த பிறகும் நிரந்தரம் ஆக்காமல் இழுத்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில், இந்த மாசம் முடியட்டும், போட்டுவிடுகிறோம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

அந்த மாதத்தில்தானா எங்களுக்குப் போகத் தோன்ற வேண்டும்!

எனக்கு போனஸ் வந்திருந்தது. அம்மாவை எங்கேயாவது கூட்டிப்போக ஆசைப்பட்டேன். வேளாங்கண்ணி போகலாமா, மதுரைக்குப் போய்ப் புடவை எடுக்கலாமா என்று கேட்டால், ஒன்றும் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாள்.

"அந்தப் புள்ள ஜோலி பாக்குற எடத்துல ஒரு நா உக்காந்து சாப்பிடணும். அவ கையால பரிமாறணும். வேற என்னத்த எனக்கு?"

பிள்ளையிடம் சொன்னதும் அவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. அடுத்த நிமிடம் கையைப் பிசைந்தாள்.

"வாங்க பெரியம்மா. ஆனா ஒண்ணு. எங்களுக்குத் தெரிஞ்சவுக சாப்பிட வந்தா நாங்க பரிமாறக் கூடாது. வேற ஆளத்தான் விடணும். முன்னாடி ஒரு பையன் அவன் ஆளுகளுக்குப் பில்லுல ஏத்தாம ஒரு தட்டக் குடுத்துட்டான். அன்னிக்கே அனுப்பிட்டாக. அதுலருந்து இந்தச் சட்டம்."

"அப்ப நீ பரிமாற மாட்டியா?" என்றாள் அம்மா. சத்தியமாகச் சொல்கிறேன், சின்னப் பிள்ளை மிட்டாய்க்குக் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"பரிமாறுவேன். நீங்க என்னத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கப்படாது. வாடி போடின்னு கூப்புட்றக்கூடாது. நான் உங்கள மேம்னு கூப்புடுவேன். நீங்க பாட்டுக்குச் சாப்பிட்டுட்டுப் போய்க்கிட்டே இருக்கணும்."

"அம்புட்டுத்தான? நீ யாரோ, நான் யாரோ. போதுமா?" என்று அம்மா சிரித்தாள். வீட்டிலேயே ஒத்திகையும் நடந்தது. "யாரும்மா நீ? எந்த ஊரு?" என்று அம்மா கேட்பதும், "வெல்கம் மேம்" என்று அவள் குனிவதும், இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பதும். எனக்கும் சிரிப்புதான்.

ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து நேராகப் போனோம். அம்மா கோயிலுக்குக் கட்டிய வெள்ளைப் புடவை. வெளியே மழை வலுத்துக்கொண்டிருந்தது. வாசலில் நின்றவர் எங்கள் குடையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், "ரூம் கெஸ்ட்டா?" என்றார். சாப்பிட வந்திருக்கிறோம் என்றேன். "மேலே ரெஸ்டாரன்ட் கொஞ்சம் காஸ்ட்லி. பக்கத்தில் மெஸ் இருக்கு" என்றார். எனக்கு அங்கேயே ஏறிவிட்டது. "உங்ககிட்ட விலை கேட்டனா? வழி விடுங்க" என்றேன். அம்மா என் கையைக் கிள்ளினாள். அவள் கிள்ளியதால் அந்த ஆள் பிழைத்தார்.

மேலே போனால் சுவர் முழுக்க ஒரே படம். கொழுந்து எடுக்கும் பெண் ஒருத்தி பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அம்மா அதை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இப்படிச் சிரிச்சிட்டு நின்னா கங்காணி சும்மா விடுவானா? அன்னிக்கி ஆப்சென்ட் போட்ருவான்."

ஜன்னல் பக்கத்து மேஜைகள் காலியாகத்தான் இருந்தன. எங்களைத் தூண் ஓரத்தில் உட்காரவைத்தார்கள். மலை தெரியவில்லை, சமையலறைக் கதவு தெரிந்தது. எழுந்து கேட்டிருப்பேன். அதற்குள் நம் பிள்ளை வந்துவிட்டாள். கறுப்புக் கால்சட்டை, கறுப்புக் கோட்டு, கொண்டையில் ஒரு முடி பிசிறு இல்லை. "குட் ஆஃப்டர்நூன் மேம், வெல்கம்" என்றாள். அம்மா அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைப் பார்த்தவன் எவனாவது இவர்கள் அந்நியர்கள் என்று நம்புவானா? ஆனால் வாயைத் திறக்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நெய்ச்சோறும் கோழிக்கறியும் சொன்னோம். பிள்ளை வந்தாள், தண்ணீர் ஊற்றினாள், போனாள், தட்டு வைத்தாள். அலுமினியத் தட்டில் பழகியதைப் பீங்கான் தட்டில் சத்தமில்லாமல் செய்தாள். அம்மா கரண்டியையும் முள்கரண்டியையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, கண்ணை மூடி ஜெபித்துவிட்டு, கையால் பிசைந்தாள். பக்கத்து மேஜையில் வடக்கிலிருந்து வந்த ஒரு குடும்பம். நாற்பது வயதுப் பெண் ஒருத்தி, கையில் போன், தன் தட்டையும் ஜன்னலையும் மாறி மாறிப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து ஒருமுறை சிரித்தாள். நானும் சிரித்தேன். கடையில் நின்று பழகிய வாய், யார் சிரித்தாலும் சிரித்துவிடும்.

பிள்ளை கறிக்கிண்ணத்தோடு அம்மாவின் பக்கத்தில் வந்து குனிந்தாள். அம்மா உதடு அசையாமல், தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"சாப்பிட்டியா?"

அவ்வளவுதான் கேட்டாள். இரண்டு பேரும் ஒத்திகை பார்த்ததில் இந்தக் கேள்வி இல்லை. விருந்தாளிகள் எல்லாம் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அங்கே வேலைக்காரர்களுக்குச் சாப்பாடு. காலையிலிருந்து அவள் வெறும் வயிறு. பெரியம்மாவிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள், இல்லை என்று லேசாகத் தலையை ஆட்டிவிட்டாள். அம்மாவின் கை அதன் பாட்டுக்கு எழுந்தது. நெய்ச்சோற்று உருண்டை, மேலே ஒரு துண்டு கறி. கை வந்ததும் அந்தப் பிள்ளையின் வாய் திறந்துவிட்டது. சின்ன வயதிலிருந்து அந்தக் கைக்குத் திறந்த வாய். கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டாள். மென்று விழுங்கிய பிறகுதான் இரண்டு பேருக்கும் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பது புரிந்தது. அவள் முகம் வெளுத்துப்போய் விறுவிறுவென்று சமையலறைப் பக்கம் நடந்தாள்.

"ஐயோ, என் கைய வெட்டிப் போட" என்றாள் அம்மா மெல்ல.

சுற்றிப் பார்த்தேன். மேனேஜர் அந்தப் பக்கம் இல்லை. மற்ற பரிமாறுகிறவர்கள் யாரும் பார்க்கவில்லை. தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன். அம்மாவைச் சாப்பிடச் சொன்னேன். அவளுக்கு இறங்கவில்லை.

பக்கத்து மேஜைப் பெண் எழுந்து நேராகக் கல்லாப் பக்கம் போனாள். அங்கே மேனேஜர் வந்து நின்றிருந்தார். அவள் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, நெஞ்சில் கைவைத்து, கண் கலங்க, ஆங்கிலத்தில் பொழிந்து தள்ளினாள். கடையில் நின்று நின்று எனக்கு ஆங்கிலம் காதுக்குப் பழக்கம். எவ்வளவு அழகு, ஒரு வயதான அம்மா உங்கள் பெண்ணுக்கு ஊட்டிவிட்டார், உங்கள் ஆட்கள் எல்லாம் குடும்பம் மாதிரி இருக்கிறார்கள், இதை நான் இன்றைக்கே எல்லாரும் பார்க்க நெட்டில் போடப்போகிறேன், ஓட்டல் பெயரையும் சேர்த்துப் போடுகிறேன் என்றாள். பாராட்டுகிறாளாம். மகராசி! அவள் பாராட்டின் ஒவ்வொரு சொல்லும் அந்தப் பிள்ளையின் கழுத்தில் போய் இறங்கியது. மனசு உருகினால் வீட்டுக்குப் போய் உன் வேலைக்காரிக்கு ஒரு வாய் ஊட்டு தாயே, எங்கள் பிள்ளையைப் படம் பிடித்துக் கொண்டுபோய் முதலாளியிடம் எதற்குக் காட்டுகிறாய்? ஒருத்தர் சாப்பிடுவதைக் கேட்காமல் படம் எடுப்பது எந்த ஊர் மரியாதை? இன்றைக்கும் அவளை நேரில் கண்டால் கேட்பேன். அவளுக்குக் கடைசிவரை தான் செய்தது என்ன என்றே தெரியாது. நல்லது செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்திருப்பாள்.

மேனேஜர் அவளுக்குச் சிரித்துச் சிரித்து நன்றி சொன்னார். அவள் தன் மேஜைக்குத் திரும்பியதும் சிரிப்பைக் கழற்றிவைத்துவிட்டுப் பிள்ளையை அழைத்தார். சமையலறைக் கதவு ஓரத்தில் அவள் நின்றாள். தூண் ஓர மேஜைக்கு அப்போதுதான் ஒரு பிரயோஜனம். அவருடைய மலையாளம் கலந்த தமிழ் எல்லாம் காதில் விழுந்தது.

"ஆரா அது? உன் ஆளுங்களா? ரிலேட்டிவா?"

"இல்ல சார்."

"ரிலேட்டிவை உக்காரவச்சு சர்வீஸ் பண்ணி, கூட நின்னு தின்னவும் செஞ்சா, எனக்கு அறியாதுன்னு நெனச்சியா?"

"இல்ல சார். கெஸ்ட் சார். தெரியாது சார்."

"கெஸ்ட் நிர்ப்பந்திச்சா அது வேற. அதுக்கு உன்னக் குத்தம் சொல்ல மாட்டேன். சொந்தக்காரங்கன்னா இன்னிக்கே கணக்கு முடிச்சிரலாம். நான் கேக்கிறேன் இரு."

நன்றாகக் கவனியுங்கள். முன்பின் தெரியாத ஒருத்தி ஊட்டினால் அது விருந்தாளியின் விருப்பம், குற்றமில்லை. எடுத்து வளர்த்தவள் ஊட்டினால் குற்றம், வேலை காலி. எந்தத் தாய் வயிற்றில் பிறந்தவன் எழுதிய சட்டம் இது? பில்லில் ஏற்றாமல் கொடுத்தால் திருட்டு, சரி, ஒத்துக்கொள்கிறேன். இது நாங்கள் காசு கொடுத்து வாங்கிய சோறு. என் அம்மா தட்டில் இருந்த சோறு. அதை அவள் யாருக்கு ஊட்டினால் இவனுக்கென்ன?

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். என் வாய்க்குள் எல்லாம் தயாராக இருந்தது. இது எங்கள் வீட்டுப் பிள்ளைதான்யா, எங்கள் அம்மா கையில் வளர்ந்தவள்தான், காலையிலிருந்து பட்டினி போட்டு வேலை வாங்குகிற நீ எங்களை விசாரிக்கிறாயா என்று அந்தக் கூடம் முழுக்கக் கேட்கும்படி கத்தியிருப்பேன். எனக்கு அது வெகு சுலபம். கத்திவிட்டுப் போய்விடுவேன். அவள்தான் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

மேனேஜர் வந்து நின்றார். மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. லேசாகக் குனிந்துதான் என்னிடம் கேட்டார்.

"சேச்சி, இந்த ஸ்டாஃப் உங்களுக்குத் தெரிஞ்ச ஆளா?"

பிள்ளை அவருக்குப் பின்னால் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பேசினாள்.

"யாரு இந்தப் புள்ள? எனக்குத் தெரியாதேய்யா."

திரும்பிப் பார்த்தேன். என் அம்மா அங்கே இல்லை. வேறு யாரோ ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். வாய் லேசாகப் பிளந்திருந்தது. கண் எங்கேயோ பார்த்தது.

"என் மகள்னு நெனச்சேன். சின்னவ. அவ இன்னும் சாப்பிட வரலையே? மழ பெய்யுதே, புள்ளய எங்க காணோம்?" என்று அம்மா மேஜைக்கு அடியில் குனிந்து தேடினாள். எனக்குத் தங்கை கிடையாது. "இவ வந்து நின்னா. ஊட்டிட்டேன். இவ வேற புள்ளயா?"

எங்கே கற்றாள் இதை? கதை கட்டத் தெரியாதவள். சந்தையில் கத்திரிக்காய் விலையைக்கூடக் குறைத்துச் சொல்ல வராதவள்.

மேனேஜரின் முகம் இளகிவிட்டது. என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, நோயாளி வீட்டில் பேசுகிற மாதிரிக் கேட்டார்.

"அம்மைக்குச் சுகமில்லையா?"

அம்மா மேஜைக்கு அடியிலிருந்து நிமிர்ந்தாள். எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு கணம் பார்த்தாள். அந்த ஒரு கணம் அவள் என் அம்மாதான், முழுப் புத்தியோடு, சொல்லுடி என்றாள் கண்ணால்.

"ஆமா" என்றேன். "வயசாயிடுச்சு. கொஞ்சம் புத்தி தடுமாற்றம். பாக்குறவங்களுக்கெல்லாம் ஊட்டப் போயிடுவாங்க."

என் தாயைப் பைத்தியம் என்று ஒரு கோட்டுக்காரனிடம் என் வாயாலேயே சொன்னேன். இதைச் செய்தால்தான் ஒரு பிள்ளைக்கு வேலை நிலைக்கும், ஒரு நோயாளிக்குக் கூரை மிஞ்சும் என்றால், இப்படி ஓர் ஏற்பாட்டை வைத்திருக்கிறவர்கள் நன்றாக இருக்கட்டும். வேறென்ன சொல்ல? கெட்ட வார்த்தைகளைத்தான் சொல்ல வேண்டியிருக்கும், அவற்றை அச்சில் போட மாட்டார்கள்.

அதற்குப் பிறகு எங்களுக்கு நடந்த உபசாரம்! மேனேஜர் அம்மாவின் பக்கம் குனிந்து, செவிடருக்குச் சொல்வது போல ஒவ்வொரு சொல்லாக உரக்க, "அம்மே, சாப்பாடு நல்லா இருந்ததா?" என்றார். அம்மா மலங்க விழித்தாள். கேட்காமலே ஒரு சாக்லேட் கேக் வந்தது, பில்லில் இல்லை என்றார். பக்கத்து மேஜைப் பெண்ணிடம் போய் அவர் ஏதோ சொல்ல, அவள் வாயைப் பொத்திக்கொண்டு எங்களைப் பரிதாபமாகப் பார்த்தாள். பாவம் என்று போனைப் பைக்குள் வைத்துவிட்டாள். பிறகு மேனேஜர் நம் பிள்ளையை முன்னால் வரச்சொன்னார்.

"கெஸ்ட்டுக்குச் சுகமில்லைன்னா நீ ஒதுங்கி நிக்க வேணாமா? ஸாரி சொல்லு."

"ஸாரி மேம்" என்றாள் என் அம்மாவைப் பார்த்து.

"என்ன சொல்லுது இந்தப் புள்ள?" என்று அம்மா என்னைக் கேட்டாள். குரல் உடைந்திருந்தது. அது மட்டும் நடிப்பில்லை, அவர்கள் தள்ளாமை என்று நினைத்தார்கள். பிள்ளை கோட்டின் ஓரத்தைப் பிடித்துக் கசக்கிக்கொண்டு நின்றாள். அழுதால் மாட்டிக்கொள்வோம் என்பது அவளுக்கும் தெரியும்.

பில்லுக்குப் பணம் கொடுத்தேன். அந்தக் கேக்கை நான் தொடவில்லை. அம்மாவை எழுப்பிக் கைத்தாங்கலாகப் படி இறக்கினேன். வாசலில் எங்களை மெஸ்ஸுக்குப் போகச் சொன்ன அதே ஆள் இப்போது ஓடிவந்து குடை பிடித்தார். பைத்தியம் என்றதும் மரியாதை வந்துவிட்டது பாருங்கள்.

வளைவு தாண்டியதும் அம்மா என் கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"சரியாச் சொன்னேனா? அவன் நம்பிட்டானா? புள்ளைக்கு ஒண்ணும் வராதுல்ல?"

"வராது" என்றேன். மழை நல்ல வேளையாகப் பெய்துகொண்டிருந்தது, நான் அழுதது அவளுக்குத் தெரியவில்லை.

மாதம் முடிந்ததும் அவளை நிரந்தரம் ஆக்கினார்கள். குவார்ட்டர்ஸில் அறை கொடுத்துவிட்டார்கள். அம்மாவும் மகளும் சாமான்களை ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். போகிற அன்று அவள் என் அம்மாவின் மடியில் விழுந்து அழுத அழுகையை லயமே வந்து பார்த்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நீங்கள் சொல்லலாம். என் அண்ணன்கூட அப்படித்தான் சொல்கிறான், நல்லபடியா முடிஞ்சதுல்ல, அப்புறம் ஏன் குதிக்கிறே என்கிறான்.

நான் ஏன் குதிக்கிறேன் என்றால், அது இன்னும் முடியவில்லை. எங்கள் எஸ்டேட் ஜீப் நிற்கும் இடத்திலிருந்து கோயிலுக்கு அந்த ஓட்டல் வாசல் வழியாகத்தான் போக வேண்டும், வேறு ரோடு இல்லை. அம்மா இன்றைக்கும் விறகுக் கட்டோடு மலை ஏறுகிறவள். மூச்சு வாங்காது. அண்ணியை முந்திக்கொண்டு நடப்பாள். ஞாயிறுதோறும் அந்த வளைவு வந்ததும் அவள் நடை மாறுகிறது. முதுகைக் கூனிக்கொள்கிறாள். என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். வாயைப் பிளந்துகொண்டு, காலை இழுத்து இழுத்து, எங்கே போகிறோம் என்றே தெரியாதவள் மாதிரி நடக்கிறாள். மேனேஜர் வெளியே நின்றால், "அம்மைக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று விசாரிக்கிறார். பரவாயில்லை என்கிறேன்.

போன வாரம் எனக்குப் பொறுக்கவில்லை. வளைவுக்கு முன்னாலேயே அவளை நிறுத்திவிட்டேன்.

"அவளத்தான் நிரந்தரம் ஆக்கிட்டாங்களேம்மா. இன்னும் எதுக்கு இந்தக் கோலம்? நேரா நட."

"குடுத்தவன் எடுக்க மாட்டானா? அவ அம்மாவும் இப்ப ஓட்டலுக்காரவுக குடுத்த வீட்டுலதான இருக்கா" என்றாள். சொல்லும்போதே முதுகைக் கூனிக்கொண்டாள். என் கையைப் பிடித்தாள்.

அன்று பிள்ளைக்கு வாசலில் வேலை. கைகூப்பி நின்று, வருகிறவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தாள். நாங்கள் வருவதைப் பார்த்தாள். கூப்பிய கையை இறக்காமலே நின்றாள். அம்மா அவளைத் தாண்டும்போது கொஞ்சம் அதிகமாகவே தள்ளாடினாள், கண்ணை அவள் பக்கம் திருப்பவே இல்லை.